கத்தினால் குறையும்

மனித குலத்துக்குக் கிடைத்த அறிவுக் கொடைகளை வரிசைப்படுத்தினால் சக்கரம் முதலாவது, அச்சு இயந்திரம் இரண்டாவது. மூன்றாவது இடத்தைத் தயங்காமல் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டண நிர்ணயக் குழுவுக்குக் கொடுத்துவிடலாம். காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு, மழையை அளக்க உண்டு, நிலநடுக்கத்தை அளக்கக்கூட உண்டு. ஒரு மாணவனின் குடும்பம் எவ்வளவு தாங்கும் என்று அளப்பதற்கு மட்டும் நெடுங்காலமாக ஒன்றும் இல்லாமல் உலகம் தவித்தது. அந்தக் குறையை இந்தக் குழு தீர்த்துவைத்தது. குடும்ப வருமானம், விலைவாசி, ஆய்வகக் கூரையின் ஓட்டை ஆகிய சில்லறை விஷயங்களில் அது மனதை அலையவிடவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக் காதைக் கொடுத்தது. அவ்வளவுதான்.

முறை மிக எளியது. ஆண்டுத் தொடக்கத்தில் கட்டணத்தைக் கண்டபடி ஏற்றி அறிவிப்பார்கள். மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் கூடிக் கத்துவார்கள். கத்தல் உச்சிக்குப் போகும் நேரம் பார்த்துத் துணைவேந்தர் மாடி முகப்பில் தோன்றி, கண் கலங்கி, ஏற்றியதில் பாதியைக் குறைப்பார். மாணவர்கள் வெற்றி முழக்கத்தோடு கலைவார்கள். துணைவேந்தருக்குக் 'கருணைக் கடல்' என்று பெயர், மாணவர்களுக்குப் 'போராளிகள்' என்று பெயர், பல்கலைக்கழகத்துக்கு மீதிப் பாதி. எல்லோரும் ஜெயித்த ஒரே போர் உலக வரலாற்றில் இதுதான்.

இந்த முறைக்கு உயிர்நாடியாக இருந்தவர் கட்டணப் பிரிவின் கண்காணிப்பாளர். வளாகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'சதவீதம்' என்பார்கள்; மரியாதை வேண்டும்போது 'சதவீதம் சார்'. வீட்டில் மனைவி டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட, போன வாரத்தைவிட ஏழு சதவீதம் தேவலை என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்பவர். அவருடைய பெருமையெல்லாம் காதில் இருந்தது. கத்தல் நடக்கும் நாளில் இரண்டாவது மாடி ஜன்னலோரம் கச்சேரி கேட்பவரைப் போலக் கண்ணை மூடி நிற்பார். துணைவேந்தர் பொறுமை இழந்து முகப்புப் பக்கம் காலெடுத்து வைத்தால் கையை நீட்டித் தடுப்பார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க சார். இப்ப தொண்டையிலிருந்துதான் வருது. வயித்திலிருந்து வரட்டும்."

வயிற்றிலிருந்து வந்ததும் தலையசைப்பார். கருணை வெளியே போகும்.

கீழே கத்துகிறவர்களில் அவருடைய மகளும் இருந்தாள். அதே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தாள். எதிர்வீட்டுத் தையற்காரரின் மகளும் அதே வகுப்பு. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே பக்கம் நின்று கத்துவார்கள். கத்தல் முடிந்த நாள் மாலை மகளுக்குத் தொண்டை கட்டியிருக்கும். சதவீதம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து கொடுப்பார். அவள் கொப்பளிப்பாள். அப்பா மேலே இருந்ததைப் பற்றி அவளும், மகள் கீழே இருந்ததைப் பற்றி அவரும் பேசிக்கொண்டதில்லை. உத்தியோகம் வேறு, உறவு வேறு என்பதில் அந்தக் குடும்பம் அவ்வளவு தெளிவு.

இப்படித் தேர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஆலோசகர் வந்து சேர்ந்தார். கையில் மடிக்கணினி, கழுத்தில் அடையாள அட்டை, வாயில் 'பயன்பாட்டாளர்' என்ற சொல். மாணவன் என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. அது பழைய காலத்து நோயின் பெயர்போல அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கட்டணக் குழு கூடியதும், இத்தனை ஆண்டுகளாக ஏற்றியதில் பாதியைக் கூச்சலுக்குப் பறிகொடுத்த கணக்கைத் திரையில் போட்டுக் காட்டினார். துணைவேந்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தன் கருணைக்கு இவ்வளவு செலவாகியிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"யானையைப் பார்த்தா எல்லாரும் கத்துவாங்க சார்," என்றார் ஆலோசகர். "எறும்பைப் பார்த்து யாராவது கத்துவாங்களா? நாம யானையை எறும்பு எறும்பா அனுப்புவோம்."

எறும்புகளின் பெயர்களை அவரே கொண்டுவந்திருந்தார். வளாகத்து மரங்களுக்காக 'நிழல் பராமரிப்புக் கட்டணம்'. அலுவலகங்களில் வரிசையில் நிற்க இடம் கொடுப்பதற்கு 'காத்திருப்பு வசதிக் கட்டணம்'. வகுப்பில் கேள்வி கேட்கும் உரிமைக்கு 'ஐயம் தெளிதல் கட்டணம்'. துணைவேந்தரைப் பார்க்கும் பேற்றுக்கு 'நிர்வாக அணுகல் கட்டணம்'. எல்லா எறும்பையும் கூட்டினால் யானையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வந்தது.

குழுவில் தத்துவப் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். கல்வியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி சொல்வதால் அவர். பிஸ்கெட் கொடுப்பார்கள் என்பதால் அவர் வருகை. அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்து, நிழலுக்கு நாம் என்ன பராமரிப்பு செய்கிறோம் என்று கேட்டுவிட்டார்.

"வெட்டாம வச்சிருக்கோம்ல சார்," என்றார் ஆலோசகர்.

"மேகமூட்டமா இருக்கிற அன்னிக்கு?"

"அன்னிக்கு வளாகம் முழுக்க நிழல். கூடுதலாவே கேக்கலாம். நாம கேக்கல. அதுதான் சார் சலுகை."

பேராசிரியர் இன்னொரு பிஸ்கெட் எடுத்துக்கொண்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. துணைவேந்தருக்கு மட்டும் ஒரே கவலை: எறும்புக்குக் கத்தாமல் போய்விடுவார்களோ? கருணை காட்டாமல் ஓர் ஆண்டைக் கழிப்பது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நிச்சயம் கத்துவார்கள் என்று சதவீதம் வாக்குக் கொடுத்தார். துணைவேந்தர் நிம்மதியாகப் போய்க் கருணை உரையைப் புதிதாக எழுதத் தொடங்கினார். எங்கே தழுதழுக்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்தும் வைத்துக்கொண்டார்.

அறிவிப்பு வந்தது. ஜன்னல் திறந்தது. சதவீதம் கண்ணை மூடி நின்றார். துணைவேந்தர் உரையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். வெகுநேரம் கழித்து ஒரு காகம் கத்தியது. சதவீதம் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாளும் அப்படியே. கீழே மாணவர்கள் கட்டண மேஜையின் முன்னால் வரிசையில் நின்று முதல் தவணையைக் கட்டினார்கள். எழுத்தர் ரசீது கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த எழுத்தருக்கு அந்த இருக்கையில் இதுவரை யாரும் நன்றி சொன்னதில்லையாதலால், தன்னை ஏதோ புதுவிதமாகத் திட்டுகிறார்கள் என்று பயந்துபோய் மேலே வந்து புகார் சொன்னார்.

ஆலோசகர் குதித்தார். தாங்குகிறார்கள், இன்னும் ஏற்றியிருக்கலாம் என்றார். துணைவேந்தரோ கருணை தேங்கிப்போய், பால் கட்டிய பசுவைப்போலத் தாழ்வாரத்தில் இங்குமங்கும் நடந்தார்.

அன்று மாலை சதவீதம் வீட்டுக்குப் போனபோது மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை தெளிவாக இருந்தது. ஒரு தகப்பனுக்கு அது சந்தோஷமான விஷயமாகத்தான் இருக்க வேண்டும். கட்டணப் பிரிவின் கண்காணிப்பாளருக்கு அப்படி இருக்கவில்லை. உத்தியோகத்தையும் உறவையும் பிரித்த கோட்டை முதன்முறையாகத் தாண்டி, இந்த வருஷம் ஏன் கத்தவில்லை என்று கேட்டேவிட்டார்.

"கத்தினா பாதி குறைப்பீங்க. குறைச்ச பிறகும் போன வருஷத்தைவிட அதிகமாத்தான் இருக்கும். வருஷா வருஷம் பார்த்தாச்சேப்பா. நாங்க கத்துறதும் உங்க பட்ஜெட்ல ஒரு வரிதானே?"

உண்மையில் அது இரண்டு வரி. கத்தல் நாளில் ஒலிபெருக்கி வாடகை தனி. சதவீதம் பேச்சை மாற்ற, எதிர்வீட்டுப் பெண் எங்கே, இந்த வாரம் கண்ணில் படவே இல்லையே என்றார்.

"அவ வரல. முதல் தவணை கட்ட முடியல. நின்னுட்டா."

அவளாவது கத்தியிருக்கலாமே என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. தொழில் புத்தி.

"வீட்டுக்குள்ள அழுதா," என்றாள் மகள். "அது உங்க ஜன்னலுக்குக் கேக்காது."

துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் தொடங்கிய நிகழ்ச்சிகளை ஒழுங்கீனம் என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு ஒழுங்கு அந்த வளாகத்தில் அதற்கு முன் இருந்ததே இல்லை. மாணவர்கள், தாங்கள் எதற்கெல்லாம் பணம் கட்டினார்களோ அதையெல்லாம் வாங்கத் தொடங்கினார்கள்.

முதலில் நிழல். ஒரு வகுப்பு முழுவதும் தாவரவியல் துறை மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பேராசிரியர் வந்து கூப்பிட்டார். நிழலுக்குக் கட்டியிருக்கிறோம் சார், வெயில் வந்ததும் வந்துவிடுகிறோம் என்று பணிவாகச் சொன்னார்கள். வெயில் வந்தது, நிழல் நகர்ந்தது, அவர்களும் நகர்ந்தார்கள். மாலையில் நிழல் துணைவேந்தரின் கார்மேல் விழுந்தது. அவர்களும்.

அடுத்தது காத்திருப்பு. கட்டண மேஜைக்கு முன்னால் வரிசை கட்டடத்தைச் சுற்றிவந்து தன் வாலையே தொட்டது. ஒவ்வொருவராக எழுத்தர் முன்னால் வந்து, ஒன்றும் கட்ட வேண்டியதில்லை, காத்திருக்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு மறுபடி கடைசியில் போய் நின்றார்கள். ஒருநாள் வரிசை சீக்கிரம் நகர்ந்துவிட்டது. உடனே புகார் வந்தது. கொடுத்த காசுக்குக் காத்திருப்பு போதவில்லையாம்.

ஐயம் தெளிதலில்தான் உயிர்ச்சேதம் அதிகம். பழுப்பேறிய ஒரே குறிப்பை ஆண்டுக்கணக்கில் வாசித்துவந்த பேராசிரியர் ஒருவரை ஒரு மாணவி எழுந்து "ஏன் சார்?" என்று கேட்டாள். அவர் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். அதில் ஏன் என்பது இல்லை. மறுநாள் முதல் விடுப்பில் போனார். துறைக்குத் துறை இப்படி நாற்காலிகள் காலியாயின. தத்துவப் பேராசிரியருக்கு மட்டும் பத்து வயது குறைந்துவிட்டது. மணி அடித்த பிறகும் மாணவர்கள் அவரை விடவில்லை. அவரும் அவர்களை விடவில்லை. பிஸ்கெட்டைக்கூட மறந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் நிர்வாக அணுகல். காலையில் கதவு திறந்ததும் முதல் மாணவன் உள்ளே வந்து துணைவேந்தருக்கு எதிரில் உட்காருவான். என்ன வேண்டும் என்று அவர் கேட்பார்.

"ஒண்ணும் வேணாம் சார். அணுகலாம்னு வந்தேன்."

அணுகிவிட்டுப் போவான். அடுத்தவன் வருவான். துணைவேந்தர் சாப்பிடும்போது எதிரில் ஒருத்தி உட்கார்ந்து, உப்புச் சரியாக இருக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தாள். அவர் கழிவறைக்குப் போனால் வெளியே நான்கைந்து பேர் நின்றார்கள். அணுகலையும் காத்திருப்பையும் ஒரே நேரத்தில் தீர்த்துக்கொள்ளும் சிக்கனம் அது. சில நாளில் துணைவேந்தர் பின்வாசல் வழியாக வரத் தொடங்கினார். பின்வாசலில் நல்ல நிழல்.

அவசரக் கூட்டம் கூடியது. கதவைச் சாத்த முடியவில்லை. சாத்தினால் அணுகல் விதிமீறல். ஆகவே எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். ஆலோசகர் மடிக்கணினியைத் திறந்து, இதற்கும் ஒரு வழி இருக்கிறது, கட்டணம் கட்டிய வசதியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு 'பயன்படுத்தல் கட்டணம்' விதிக்கலாம் என்றார். அதுவரை ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத துணைவேந்தர் மடிக்கணினியைப் படாரென்று மூடினார். ஆலோசகரின் இரண்டு விரல் உள்ளே இருந்தது.

புதுக் கட்டணங்களை ரத்து செய்வது என்று முடிவாயிற்று. ஆனால் எப்படி? சத்தம் இல்லாமல் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பைசாகூடக் குறைந்ததில்லை. அந்த மரபை உடைக்கத் துணைவேந்தர் தயாராக இல்லை.

"யாரும் கேக்காம குறைச்சா, குறைக்க முடியும்னு தெரிஞ்சுபோயிடும்," என்றார். பிறகு சதவீதத்தின் பக்கம் திரும்பினார். "எப்படியாவது ஒரு கத்தல் ஏற்பாடு பண்ணுங்க. நியாயமான கத்தலா இருக்கட்டும்."

கத்தலை அளந்தவருக்குக் கத்தலை வாங்கிவரும் வேலை. சதவீதம் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், வராத இருமலை இரண்டு முறை இருமிவிட்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். இத்தனை வருஷ இல்லறத்தில் இவர் யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய காட்சிதான்.

"எவ்வளவு குறைப்பீங்க?" என்றாள் மகள்.

"போன வருஷக் கட்டணத்துக்கே வந்துடும். நிழல், கிழல் எதுவும் இருக்காது."

"எவ்வளவு நேரம் கத்தணும்?"

"கால் மணி நேரம் போதும்மா. ஆனா வயித்திலிருந்து வரணும்."

அவள் யோசித்தாள். இரண்டு பக்கத்து வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று விலை படியவைக்கும் தரகரின் கண் இருந்தது அவளுக்கு. அது யாரிடமிருந்து வந்த சொத்து என்று அவருக்குத் தெரியும்.

"அவளும் திரும்ப வரணும்," என்றாள். "அதுக்குச் சம்மதம்னா கத்துறோம்."

கட்டணம் குறைந்தால் அவள் தானாக வந்துவிடப் போகிறாள், இதில் சம்மதிக்க என்ன இருக்கிறது என்றார் சதவீதம். பொய் சொல்லவில்லை. அப்போது அதை அவர் மனதார நம்பினார்.

கத்தல் சிறப்பாக நடந்தது. முன்வரிசையில் உயரம் குறைந்தவர்கள், பின்வரிசையில் உயரமானவர்கள் என்று நிழற்படத்துக்கு நிற்பதுபோல நின்று கத்தினார்கள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, மேலே சரியாகக் கேட்கிறதா என்றும் விசாரித்தார்கள். சதவீதம் கண்ணைத் திறந்துகொண்டே தலையசைத்தார். துணைவேந்தர் பாய்ந்தோடிப் போய், பல வாரங்களாகத் தேக்கிவைத்த கருணையை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறக்கினார். குறித்த இடத்தில் தழுதழுத்தார். குறிக்காத இரண்டு இடங்களிலும் தழுதழுத்தார். கட்டணம் போன ஆண்டின் அளவுக்கு வந்தது. கைதட்டல் ஓயவில்லை. விரலில் கட்டுப் போட்டிருந்த ஆலோசகர், எல்லாம் தான் போட்ட திட்டப்படியே நடந்தது என்று சொல்லித் தன் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனார். அதற்கு யாரும் கத்தவில்லையாதலால் அது குறையவில்லை.

மாலையில் சதவீதம் வீட்டுக்குள் நுழையாமல் நேரே எதிர்வீட்டுக்குப் போனார். முன்னறைதான் கடை. தையற்காரர் ஒரு கோட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். மகள் ஓரமாக உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். சதவீதம் நல்ல சேதியைச் சொன்னார். வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். நாளைக் காலையில் வழக்கமான பஸ்ஸைப் பிடி என்றார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மத்தியானமே போயிட்டு வந்துட்டேன் மாமா. கட்டணம் குறைஞ்சிருக்கு. ஆனா நடுவுல நின்னவங்க மறுபடி சேரணும்னா 'மறுசேர்க்கைக் கட்டணம்' தனியாம். அது இதைவிடப் பெரிசு."

சதவீதத்துக்கு உறைத்தது. அப்படி ஒரு தலைப்பு இருக்கத்தான் இருந்தது. ஆண்டுதோறும் அது வளர்ந்தும் வந்திருந்தது. வளர்ந்ததை ஒருநாளும் அவர் காது கேட்டதில்லை.

"அதைக் குறைக்கச் சொல்லி யாரும் கத்தலயாமே," என்றாள் அந்தப் பெண். குத்தலாகச் சொல்லவில்லை. எழுத்தர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

தையற்காரர் பேச்சை அங்கேயே நிறுத்த நினைத்தோ என்னவோ, நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, போன முறை தைத்த கால்சட்டை இறுக்குகிறது என்றீர்களே சார், நில்லுங்கள் என்று அவர் இடுப்பை அளந்தார். கொஞ்சம் பெருத்திருக்கிறீர்கள் என்றார். எத்தனை சதவீதம் என்று சதவீதம் கேட்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். மறுசேர்க்கைக் கட்டணத்தை எடுத்துவிட வேண்டும் என்றார். துணைவேந்தர் அன்பாகத்தான் கேட்டார்.

"யாராவது கத்தினாங்களா?"

"கத்த வேண்டியவங்க உள்ளேயே இல்ல சார். கட்ட முடியாம வெளிய போனவங்க."

"சரி. உள்ள இருக்கிறவங்க கத்தினாங்களா?"

"அவங்க இதைக் கட்ட வேண்டியதில்லையே சார்."

"அப்ப இந்தத் தலைப்புல யாருக்கும் குறை இல்லைன்னு எழுதிக்குங்க."

இவ்வளவு பழுதில்லாத தர்க்கத்துக்கு எதிரே சாதாரண மனிதன் என்ன செய்ய முடியும்? சதவீதம் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் போனார். கொக்கியை எடுத்தார். வெளியே தலையை நீட்டினார். தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கானவர்களின் கத்தலை எடைபோட்ட அந்த மனிதர் சொந்தமாக ஒன்று கத்தியதே இல்லை. முதலில் கீச்சென்று வந்தது. கீழே நடந்துகொண்டிருந்த இரண்டு மாணவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இன்னொருமுறை மூச்சை இழுத்தார்.

"குறைங்க! சேரவாவது விடுங்க!"

மூன்றாவது கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தத்துவப் பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது வயிற்றிலிருந்துதான் வருகிறது என்று குழுவுக்குச் சான்று சொன்னார். துணைவேந்தர் கலங்கிப்போய்ப் பழக்கதோஷத்தில் மாடி முகப்பை நோக்கி இரண்டடி வைத்தும் விட்டார். பக்கத்தில் இருந்த பதிவாளர்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஊழியர் போடும் சத்தம் கணக்கில் வராது என்று விதியை எடுத்துக் காட்டினார். கடைநிலை ஊழியர் ஒருவர் வந்து ஜன்னலைச் சாத்தினார். கூட்டக் குறிப்பில், கண்காணிப்பாளருக்குத் திடீர்த் தொண்டைக் கோளாறு ஏற்பட்டதால் மருத்துவ விடுப்பு வழங்கப்பட்டது என்று பதிவாயிற்று.

அன்று வெந்நீரில் உப்புக் கலக்கிக் கொண்டுவந்தவள் மகள். அவர் கொப்பளித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு குறைந்தது என்று கேட்டாள். அவர் கையை விரித்துக் காட்டினார். குரல் இல்லை.

குரல் திரும்பிய நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. 'மாணவர் நேயப் பல்கலைக்கழகம்' என்ற விருதுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், கட்டணம் பற்றிய பகுதியை எழுத அவரைவிட்டால் ஆளில்லை என்று துணைவேந்தரே சொல்லியனுப்பியிருந்தார். பழைய சமாச்சாரத்தை யாரும் பேசவில்லை; மருத்துவ விடுப்பில் போனவர் உடம்பு தேறி வந்திருக்கிறார், அவ்வளவே. சதவீதம் மேஜையில் உட்கார்ந்தார். பிறகு, படிக்கிறவர்களில் ஒருவராவது திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பார் என்ற நப்பாசையில், பக்கம் பக்கமாக எழுதுவதற்குப் பதில் ஒரே வாக்கியம் எழுதிக் கொடுத்தார்: 'கட்டணம் கட்ட இயலாத மாணவர் ஒருவர்கூட இப்பல்கலைக்கழகத்தில் இல்லை.'

துணைவேந்தர் அதை இரண்டு முறை படித்தார். திடுக்கிடவில்லை. எழுந்துவந்து சதவீதத்தைக் கட்டித் தழுவிக்கொண்டார். உங்கள் தொழில் வாழ்க்கையிலேயே இதுதான் சிறந்த வாக்கியம் என்றார். மறுநாள் அது பெரிய எழுத்தில் நுழைவாயிலுக்கு மேலே ஏறியது.

விருதுக்குழு சும்மா நம்பிவிடும் குழு அல்ல. வாக்கியம் உண்மைதானா என்று நேரில் சோதிக்க வந்தது. தலைவர் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினார். புள்ளியியல் வகுப்பில் சதவீதத்தின் மகள் மட்டும் எழுந்து நின்று, கட்ட முடியாத ஒருத்தி இருந்தாள் என்றாள்.

"இப்ப இந்த வகுப்புல இருக்காங்களா?"

"இல்ல."

"இருக்கிறவங்களைப் பத்திதாம்மா கேக்கிறோம். உக்காருங்க."

தலைவர் நடுநிலை தவறாதவர். எல்லோருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே மாதிரி, கட்டணம் கட்ட முடியாதவர்கள் தயங்காமல் கையைத் தூக்குங்கள் என்று கேட்டார். பல்கலைக்கழகம் முழுவதிலும் ஒரு கைகூட உயரவில்லை. விருது அந்த இடத்திலேயே உறுதியாயிற்று.

உயர வேண்டிய கை அந்த நேரத்தில் எதிர்வீட்டு முன்னறையில், விருது விழாவுக்குத் துணைவேந்தர் தைக்கக் கொடுத்த கோட்டுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தது.